பெயர் வந்தது முன்னே, சோப்பு வந்தது பின்னே

பொட்டலம் முதல் பிராண்டு வரை: பகுதி 7

சென்ற வாரம் லண்டனில், வணிகச் சின்னப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் நிறுத்தியிருந்தோம். 1876 ஜனவரி 1 அன்று அந்தப் பதிவேடு திறந்தது. பாஸ் பீர் ஆலையின் சிவப்பு முக்கோணம் முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டது. புட்டியின் லேபிளில் இருந்த ஒரு வடிவத்தை, வேறு எவரும் தொடக்கூடாத சொத்தாகச் சட்டம் ஏற்றுக்கொண்டது. நிலத்துக்குப் பட்டா கொடுப்பதுபோல் சின்னத்துக்கும் பட்டா.

ஆனால் அந்த 1875-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. படத்துக்கு இடம் உண்டு, லேபிளுக்கு இடம் உண்டு, கையெழுத்துக்கும் இடம் உண்டு. புதிதாக ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போய், 'இது எனக்கே உரியது' என்று எழுதிக்கொள்ள வழியில்லை.

கடைக்கு வருகிறவர் படத்தைக் கேட்பதில்லை. பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்.

1883-இல் சட்டம் மாற்றி எழுதப்பட்டது. பொது வழக்கில் இல்லாத கற்பனைச் சொற்களையும் பதியலாம் என்று புதிய சட்டம் சொன்னது. 1884 பிறந்தபோது அது நடைமுறைக்கு வந்தது. அடுத்த சில வாரங்களுக்குள், மளிகைச் சாமான்களை மொத்தமாக விற்கும் 32 வயது வியாபாரி ஒருவர் லிவர்பூல் நகரத்தில் ஒரு வணிகச் சின்ன முகவரைத் தேடிப் போனார்.

அவரிடம் சோப்பு ஆலை இல்லை. சோப்பு காய்ச்சத் தெரியாது. அவருக்குத் தேவைப்பட்டது ஒரு பெயர்.

*

கம்பியில் அறுபட்ட கட்டிகள்

வில்லியம் ஹெஸ்கெத் லீவர், 1851-இல் போல்டனில் பிறந்தவர். இங்கிலாந்தின் வடமேற்கே லங்காஷயரில் பருத்தி ஆலைகள் நிறைந்த ஊர் அது. தந்தை ஜேம்ஸ் லீவர் மளிகை வியாபாரி. பத்துக் குழந்தைகளில் வில்லியம் ஏழாவது. 16 வயதில் படிப்பை முடித்துக்கொண்டு தந்தையின் கடைக்கு வந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று, சோப்பை அறுத்துப் பொட்டலம் கட்டுவது.

துணி துவைக்கும் சோப்பு அப்போது ஆலையிலிருந்து நீள நீளமான கட்டிகளாக வரும். வாடிக்கையாளர் கேட்ட அளவுக்குக் கடைக்காரர் அதை அறுப்பார். தராசில் வைப்பார். கைக்கு எட்டிய தாளில் சுற்றித் தருவார். பார் சோப்பை அறுத்துத் துண்டு போட்டு விற்ற நம்மூர் மளிகைக் கடைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தத் துண்டைச் செய்தது யார்? வாங்குகிறவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. நல்ல சோப்பா, மட்டமான சோப்பா, நேற்று வந்ததா, போன மாதம் வந்ததா எல்லாமே கடைக்காரரின் நாணயத்தைப் பொறுத்தது. சோப்பில் தண்ணீர் உண்டு. வைக்க வைக்கக் காயும், எடை குறையும். ஈரச் சோப்பை வாங்கிய குடும்பம் தண்ணீருக்கும் சேர்த்தே காசு கொடுத்தது. காய்ந்த சோப்பை விற்ற கடைக்காரர் எடையில் நஷ்டப்பட்டார். தராசின் இருபுறமும் சந்தேகம் நின்றது.

இந்தப் பையன் அந்தத் தராசுக்குப் பின்னால் நின்று வளர்ந்தவன். பிறகு குதிரை வண்டியில் ஊர் ஊராகப் போய், சிறு கடைகளில் ஆர்டர் எடுத்தார். 21 வயதில், 1872-இல், தந்தையின் தொழிலில் பங்காளியானார். விகன் ஊரில் கிளை திறந்தார். அயர்லாந்திலிருந்து வெண்ணெயும் முட்டையும் நேரடியாகக் கொள்முதல் செய்தார். கடைக்காரர்கள் எதை விரும்புகிறார்கள், எதைத் திருப்பி அனுப்புகிறார்கள், வீட்டுப் பெண்கள் எதைப் பற்றி முறையிடுகிறார்கள் என்பதெல்லாம் இந்தப் பயணங்களில்தான் அவருக்குப் பாடமாயிற்று. வடிவமைப்பு பற்றிய நூல்கள் லீவரை விளம்பர மேதை என்றே தொடங்குகின்றன. நான் அப்படித் தொடங்க மாட்டேன். கடை மேசைக்குப் பின்னால் கழிந்த அந்த ஆண்டுகள் இல்லாவிட்டால், பின்னால் வந்த மேதைமைக்கு வேலையே இருந்திருக்காது.

சோப்புக்குக் காலமும் கனிந்திருந்தது. பிரிட்டன் 1853-இல் சோப்பு வரியை ஒழித்திருந்தது. ஆலைத் தொழிலாளர் வீடுகளில் கொஞ்சம் காசு புழங்கியது. கரிப்புகை படியும் ஊர்களில் துவைக்க வேண்டிய துணிக்குக் குறைவே இல்லை. வாங்க ஆள் இருந்தார்கள். எதைக் கேட்டு வாங்குவது என்பதற்குத்தான் பெயர் இல்லை.

*

தேன் யாருக்குச் சொந்தம்?

லீவர் முதலில் சறுக்கியது பெயரில்தான்.

1870-களில் வேறு ஆலைகள் செய்து கொடுத்த சோப்பை 'லீவர்ஸ் ப்யூர் ஹனி' என்ற பெயரில் விற்றார். சுத்தமான தேன் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? விற்பனை நன்றாகவே நடந்தது. நன்றாக நடந்ததுதான் சிக்கல். மற்ற வியாபாரிகளும் தங்கள் சோப்பைத் தேன் சோப்பு என்று விற்றார்கள். அவர்களைத் தடுக்க லீவரிடம் எந்த ஆயுதமும் இல்லை.

'சுத்தம்' என்பது ஊருக்குப் பொதுவான சொல். 'தேன்' என்பதும் அப்படியே. பொருளின் குணத்தைச் சொல்லும் சொல்லை ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுக்க எந்த நீதிமன்றமும் இணங்காது. அவர் தன் செலவில் வளர்த்த பெயரில் அடுத்த கடைக்காரர் அறுவடை செய்துகொண்டார்.

இன்றும் பொருளுக்குப் பெயர் வைக்கிறவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ருசியையோ தரத்தையோ சொல்லும் பெயர் சட்டென்று மனதில் ஒட்டும். அதே காரணத்தால் அதை எவரும் எடுத்துக்கொள்ளலாம். முதல் ஆண்டில் உதவும் பெயர், பத்தாவது ஆண்டில் கைவிடும்.

*

சட்டைப்பையில் ஒரு காகிதம்

லிவர்பூலில் லீவர் சந்தித்த முகவரின் பெயர் டபிள்யூ. பி. தாம்சன். பொருளை வர்ணிக்காத பெயர் வேண்டும், வேறு எவரும் உரிமை கோர முடியாத பெயர் வேண்டும் என்று லீவர் கேட்டார். தாம்சன் ஒரு காகிதத்தை எடுத்து, தனக்குத் தோன்றிய பெயர்களை வரிசையாக எழுதிக் கொடுத்தார். அந்தப் பட்டியலில் ஒன்று 'சன்லைட்'.

லீவருக்கு எதுவும் பிடிக்கவில்லை.

காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினார். மூன்று நான்கு நாள் அது அங்கேயே கிடந்தது.

பிறகுதான் உறைத்தது. அந்தப் பட்டியலில் ஒரே ஒரு பெயர் மட்டும் அவர் தேடிக்கொண்டிருந்த அத்தனையையும் தாங்கி நின்றது. சோப்பு எதனால் ஆனது என்று சன்லைட் சொல்லவில்லை. எனவே போட்டியாளர் எவரும் 'இதுவும் அதே வகைதான்' என்று சொல்ல முடியாது. ஆனாலும் துவைத்த துணியை வெயிலில் காயப் போடும் எந்தப் பெண்ணுக்கும் அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. பொருளைத் தொடாமல் பொருளின் பயனைத் தொட்டது அந்தப் பெயர். புகை மூடிய லங்காஷயர் வானத்தின் கீழ் அது ஓர் ஆசையையும் சேர்த்துச் சொன்னது.

அடுத்த கணம் பயம் பிடித்துக்கொண்டது. வேறு யாராவது இதற்குள் பதிவு செய்திருந்தால்? மூன்று நான்கு நாளை வீணடித்துவிட்டோமே! உடனே பதிவு செய்ய ஓடியபோது தன் உடம்பே நடுங்கியதாக லீவர் பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கிறார். நல்ல வேளை, யாரும் முந்தவில்லை. 1884-இன் தொடக்கத்தில் சன்லைட் அவர் பெயரில் பதிவாயிற்று. பிரிட்டனில் மட்டும் அவர் நிற்கவில்லை. வணிகச் சின்னச் சட்டம் இருந்த மற்ற நாடுகளிலும் பதிந்துகொண்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இன்னும் அவரிடம் சொந்தச் சோப்பு இல்லை. எந்த ஆலை அதைச் செய்யும் என்பதுகூட முடிவாகவில்லை. வெறும் ஒரு சொல்லுக்கு உலகம் முழுவதும் வேலி போட்டுக்கொண்டிருந்தார் ஒரு மளிகை வியாபாரி. அதுவரை பொருள் பிறந்த பிறகே பெயர் வந்தது. செய்தவரின் பெயரோ, செய்த ஊரின் பெயரோ பொருளுக்கு வந்து ஒட்டிக்கொள்ளும். இங்கே வரிசை தலைகீழாயிற்று. இந்தத் தொடரில் நாம் பார்த்துவரும் நீண்ட கதை திரும்பும் முனை இதுதான் என்பது என் எண்ணம்.

*

பெயர் ரெடி. சோப்பு எங்கே?

பல ஆலைகளிடம் சோப்பு செய்யச் சொல்லி வாங்கினார். வெவ்வேறு வகைச் சோப்புகள், எல்லாவற்றுக்கும் சன்லைட் என்றே பெயர். அவற்றில் ஒன்று தனியாக எழுந்து நின்றது: 'சன்லைட் செல்ஃப் வாஷர்'.

அதன் சேர்மானம் அன்றைய துவைக்கும் சோப்புகளிலிருந்து விலகி நின்றது. வழக்கமான சோப்பு மாட்டுக் கொழுப்பில் ஆனது. கெட்டியாக இருக்கும், நுரை சீக்கிரம் எழாது. லீவரின் சோப்பிலோ தேங்காய் எண்ணெய், பனங்கொட்டை எண்ணெய் போன்ற தாவர எண்ணெய்களே அதிகம். கூடவே பருத்திக்கொட்டை எண்ணெய், கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் குங்கிலியம். கையில் தேய்த்த உடனே நுரை பொங்கியது. இலங்கையிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் லண்டன் சந்தைக்குத் தேங்காய் எண்ணெய் போய்க்கொண்டிருந்த காலம் அது. லங்காஷயர் வாளிகளில் எழுந்த நுரைக்குள் நம் கடற்கரைத் தென்னைக்கும் பங்கு உண்டு.

மக்களுக்குப் பிடித்தது. ஆனால் புகார்களும் வந்தன.

தாவர எண்ணெய் அதிகமுள்ள சோப்பு நாள்பட்டால் வியர்க்கும். எண்ணெய் கசிந்து மேலே படியும். காறல் வாடை அடிக்கும். கடை அலமாரியில் சில வாரம் இருந்த சோப்பைப் பிரித்த பெண்கள் முகம் சுளித்தார்கள். கட்டியாக அறுத்து விற்ற நாளாக இருந்தால், கடைக்காரர் திட்டு வாங்கியிருப்பார், அத்தோடு விஷயம் முடிந்திருக்கும். இப்போது ஒவ்வொரு துண்டின்மேலும் ஒரு பெயர் இருக்கிறது. கெட்டது சோப்பு, கெட்டுப்போவது பெயர்.

வேறொருவர் ஆலையில், வேறொருவர் கையில் பக்குவம் இருக்கும்வரை தன் பெயரைக் காப்பாற்ற முடியாது என்று லீவர் கண்டுகொண்டார். 1885-இல் வாரிங்டன் நகரில் வின்சர் என்பவரின் சோப்பு ஆலையைக் குத்தகைக்கு எடுத்தார். தம்பி ஜேம்ஸ் டார்சி லீவரும் சேர்ந்துகொள்ள, 'லீவர் பிரதர்ஸ்' உருவாயிற்று. ஆலையின் அனுபவசாலிகளை அப்படியே வைத்துக்கொண்டார். சேர்மானத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்து, சீக்கிரம் கெடாத பக்குவத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

மற்றவர்கள் ஆலை கட்டிவிட்டுப் பெயர் தேடினார்கள். இவர் பெயரைக் காப்பாற்ற ஆலை தேடினார்.

1886 தொடக்கத்தில் அங்கே வாரத்துக்கு 20 டன் சோப்பு தயாரானது. 1888 நெருங்கும்போது வாரத்துக்கு 450 டன். வாரிங்டன் ஆலைக்கு மூச்சு முட்டியது.

*

தாள் செய்த வேலை

இப்போது சோப்பின் மேலுறைக்கு வருவோம்.

சோப்பை உறையிட்டு விற்பதை லீவர்தான் கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுவது மிகை. சீமான்களின் வீடுகளுக்குப் போன வாசனைச் சோப்புகள் அதற்கு முன்பே அழகான தாளில் வந்தன. துவைக்கும் சோப்பை, கூலிக்கு உழைக்கும் குடும்பம் வாங்கும் சோப்பை, அந்த மரியாதையோடு விற்றதுதான் லீவரின் துணிச்சல். ஒரே அளவு, ஒரே எடை, தனித்தனிக் கட்டி. ஒவ்வொன்றுக்கும் தோல் போன்ற வழவழப்பான பார்ச்மென்ட் வகைத் தாள். மேலே அட்டைப்பெட்டி. பெட்டியில் பளிச்சென்று பெயர்.

தாள் வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் சேர்மானத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். எண்ணெய் கசியக்கூடிய சோப்பு அது. சாதாரணத் தாளில் சுற்றினால் எண்ணெய் ஊறும், எழுத்து கறைபடும், பக்கத்திலிருக்கும் தேயிலையிலும் சர்க்கரையிலும் வாடை ஏறும். பார்ச்மென்ட் தாள் எண்ணெயை எளிதில் உறிஞ்சாது. ஈரத்தையும் உள்ளே பிடித்து வைக்கும். காய்ந்து எடை குறைவதும் தணியும். நுரை பொங்கும் சோப்பு வேண்டுமென்றால் அந்த எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெய் வேண்டுமென்றால் அந்தத் தாள் வேண்டும். தாள் வந்துவிட்டால், பெயர் அச்சிட அதைவிட நல்ல இடம் ஏது?

நல்ல பேக்கேஜிங் எது என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதையே. பொருளின் பலவீனத்தை அறிந்த உறைதான் நிலைக்கும். வண்ணமும் எழுத்துருவும் அதற்குப் பிறகு வரட்டும்.

கடையில் ஓர் அதிகாரமும் இடம் மாறியது. கம்பியும் தராசும் இருந்தவரை, எந்தச் சோப்பு என்பதைத் தீர்மானித்தவர் கடைக்காரர். 'நல்ல சோப்பாகக் கொடுங்கள்' என்பார் வந்தவர். இப்போது பெயரைச் சொல்லிக் கேட்கிறார். இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போகிறார். உறையைப் பிரித்து உள்ளே எதையும் கலக்க முடியாது, அறுத்துக் குறைக்க முடியாது. நேர்மையற்ற கடைக்காரரிடமிருந்து வாங்குபவரை அந்த உறை காத்தது. நேர்மையான கடைக்காரரிடமிருந்து அவருடைய தேர்ந்த கண்ணுக்கு இருந்த மதிப்பையும் அதே உறை பறித்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாகச் சோப்பை முகர்ந்து, அழுத்திப் பார்த்துத் தரம் சொன்ன மனிதர், பெட்டியை எடுத்து நீட்டுகிறவரானார். இந்த இழப்பை வணிக வரலாறுகள் பெரிதாகப் பேசுவதில்லை. பேச வேண்டும்.

நம்பிக்கை இப்படி ஊரிலிருந்த ஒரு முகத்தை விட்டு, ஊருக்கு வெளியே இருந்த ஒரு பெயருக்குப் போனது. முகம் தெரியாதவரை எப்படி நம்புவது? அதற்கும் லீவர் தாளிலேயே பதில் எழுதினார். சோப்பில் கலப்படம் இருப்பதாக நிரூபிப்பவருக்கு 1,000 பவுன் பரிசு! ஒரு தொழிலாளி பல ஆண்டுகள் உழைத்தாலும் சேர்க்க முடியாத தொகை. சோப்பை வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் அந்தச் சவால் போனது.

பிரித்த பிறகும் உறை குப்பைக்குப் போகவில்லை. உறைகளைச் சேர்த்து அனுப்பினால் பரிசு என்று அறிவித்தார். 1890-களில் சிறுவர் சிறுமியருக்கு மாதாந்திரப் போட்டிகள் நடந்தன. கடிகாரம், சைக்கிள் என்று பரிசுகள். தெருப் பிள்ளைகள் அண்டை வீடுகளில் சன்லைட் உறை கேட்டு அலைந்தார்கள். காலிப் பெட்டிக்கு, சோடா மூடிக்கு என்று பரிசு கொடுக்கும் திட்டங்களைப் பார்த்து வளர்ந்த நம் தலைமுறைக்கு, அதன் வேர் எவ்வளவு பழையது என்பது வியப்பாக இருக்கலாம்.

*

ஓவியர் கோபித்துக்கொண்டார்

1886-இல் ஜான் எவரெட் மில்லே, சோப்புக் குமிழியைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் தன் பேரனை வரைந்தார். அந்த ஓவியம் பியர்ஸ் சோப்பு நிறுவனத்தின் கைக்குப் போய் விளம்பரமானது. லண்டன் கலை உலகில் பெரும் பேச்சு.

லீவர் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார். 1889-இல் ராயல் அகாடமி கண்காட்சியில் ஓர் ஓவியம் அவர் கண்ணில் பட்டது. தன் புதிய வெள்ளைப் பாவாடை மேலாடையைப் பெருமையோடு தூக்கிக் காட்டும் ஒரு சிறுமி. வரைந்தவர் வில்லியம் பவல் ஃப்ரித், 'டெர்பி டே' ஓவியத்தால் புகழ்பெற்ற மூத்தவர். ஓவியத்துக்கு அவர் வைத்த பெயர் 'தி நியூ ஃப்ராக்'. உலக மினுக்கின் வெறுமையைச் சொல்லும் பைபிள் வாசகத்தையும் அதோடு சேர்த்திருந்தார்.

லீவர் வாங்கினார். அச்சிட்டார். பெயரை மாற்றினார்: 'ஸோ க்ளீன்!' அகந்தையைச் சுட்ட வந்த ஓவியம் சன்லைட் சோப்பின் வெளுப்புக்குச் சாட்சியாக வீடு வீடாகப் போயிற்று. ஃப்ரித் வெளிப்படையாகவே மனம் நொந்தார். ஓவியத்தோடு அதன் உரிமையும் தன்னிடம் வந்துவிட்டது என்பது லீவரின் நிலை.

சட்டப்படி லீவர் பக்கம் வலு இருந்திருக்கலாம். எனக்கு ஃப்ரித்தின் வருத்தம்தான் பெரிதாகப் படுகிறது. ஒரு கலைஞன் எழுதிய பொருளைத் துடைத்துவிட்டு, அதன் மேல் எதிர்ப்பொருளை எழுதுவது வாங்கியவரின் உரிமைக்குள் அடங்காது. பிராண்டு என்பது எதையும் தன் வண்ணத்துக்கு மாற்றிக்கொள்ளும் சக்தி என்று முதன்முதலில் உலகுக்கு உணர்த்திய தகராறுகளில் இதுவும் ஒன்று. அந்தச் சக்திக்கு எல்லை எங்கே என்ற வழக்கு இன்றும் முடியவில்லை.

*

சோப்பின் பெயரில் ஓர் ஊர்

மற்றவை வேகமாக நடந்தன. மெர்ஸி ஆற்றோரச் சதுப்பில் 56 ஏக்கர் வாங்கினார். 1888 மார்ச் 3 அன்று லீவரின் மனைவி எலிசபெத் முதல் மண்ணை வெட்டினார். ஆலையோடு தொழிலாளர்களுக்கு வீடுகளும் தோட்டங்களும் எழுந்தன. அந்த ஊருக்குப் பெயர் 'போர்ட் சன்லைட்'. ஊரின் பெயரைப் பொருளுக்கு வைத்த காலம் போய், பொருளின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். தபால் முகவரியே விளம்பரமாயிற்று.

அதே 1888-இல் கல்கத்தாத் துறைமுகத்தில் மரப்பெட்டிகள் இறங்கின. உள்ளே சன்லைட் சோப்புக் கட்டிகள். இங்கிலாந்தில் லீவர் பிரதர்ஸ் செய்தது என்று அவற்றில் பொறித்திருந்தது. 1895-இல் லைஃப்பாய் வந்தது. நம் தாத்தா பாட்டிகள் பெயர் சொல்லிக் கேட்ட சோப்புகளின் வரிசை அங்கேதான் தொடங்குகிறது. தேங்காய் எண்ணெயாகப் போனது சோப்புக் கட்டியாகத் திரும்பி வந்தது. பெயருக்கான விலையும் அதில் சேர்ந்திருந்தது. எண்ணெய் தேடி ஆப்பிரிக்காவின் காங்கோ வரை லீவர் போன கதையும், அங்கே கட்டாய உழைப்பில் வாடியவர்களின் கதையும் தனி அத்தியாயமாகவே எழுதப்பட வேண்டியவை. அதற்கும் வருவோம்.

*

பதினாறில் ஒன்று

1906-க்குத் தாவுவோம். லீவர் இப்போது பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர். சன்லைட் எத்தனையோ நாடுகளில் விற்கிறது. லக்ஸ் வந்துவிட்டது, விம் வந்துவிட்டது. பதினாறு அவுன்ஸ், அதாவது முழுப் பவுண்டு எடையுள்ள சோப்புக் கட்டி தொழிலாளர் வீடுகளில் அரிசி பருப்பு போல ஆகிவிட்ட பொருள். அதன் அளவு கைக்குப் பழகியிருந்தது. அதன் விலை நாவுக்குப் பழகியிருந்தது.

அந்த ஆண்டில் எண்ணெய்களின் விலை ஏறத் தொடங்கியது. வெண்ணெய்க்கு மாற்றாக வந்த மார்ஜரின், சோப்பு ஆலைகள் வாங்கிய அதே கொழுப்பையும் தாவர எண்ணெயையும் தேடி வந்தது. சாப்பாட்டுத் தட்டும் துவைக்கும் வாளியும் ஒரே எண்ணெய்க்குப் போட்டி போட்டன.

கம்பியால் அறுத்து விற்ற காலமாக இருந்தால், விலைவாசி ஏறினால் பவுண்டு விலையில் கொஞ்சம் ஏற்றுவார்கள், வாங்குபவர் கொஞ்சம் குறைத்து வாங்குவார். இப்போது அப்படிச் செய்ய முடியாது. பெயர் நிலையானது. பெட்டி நிலையானது. காசுகளை எண்ணிக் கொடுக்கும் வீடுகளில் விலையைத் தொட்டால் வாடிக்கையாளர் போட்டியாளரிடம் போய்விடுவார். சேர்மானத்தைத் தொட்டால் 1,000 பவுன் சவால் பல்லிளிக்கும்.

தொடுவதற்கு எஞ்சியிருந்தது எடை ஒன்றுதான்.

லீவரும் மற்றப் பெரிய சோப்பு ஆலைக்காரர்களும் கூடிப் பேசினார்கள். போட்டியைக் குறைத்து, விளம்பரச் செலவைக் குறைத்து, ஒரே கூட்டணியாக நிற்பது என்ற யோசனை உருவானது. அதோடு சன்லைட் கட்டி பதினாறு அவுன்ஸிலிருந்து பதினைந்து அவுன்ஸுக்கு இறங்கியது. விலை மாறவில்லை. ஒரு அவுன்ஸ் என்றால் 28 கிராம். கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

விளம்பரச் செலவைக் குறைப்பது என்றால், பத்திரிகைகளுக்குப் போகும் பணம் குறைகிறது. லண்டனில் 'டெய்லி மெயில்' பத்திரிகையின் உரிமையாளர் நார்த்கிளிஃப் பிரபு, நாட்டில் மிக அதிகம் விற்கும் நாளிதழ்களில் ஒன்றைக் கையில் வைத்திருந்தவர். 1906 அக்டோபரில் அவருடைய பத்திரிகைகள் அந்த ஒற்றை அவுன்ஸைக் கையில் எடுத்தன.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக உறையைப் பார்த்து மட்டுமே வாங்கிப் பழகிய லட்சக்கணக்கான வீடுகள், இப்போது சோப்பைத் தூக்கித் தராசில் வைத்துப் பார்க்கப் போகின்றன. அவர்கள் யாரை நம்புவார்கள்: பெட்டியின்மேல் இருக்கும் பெயரையா, காலையில் வாசலுக்கு வரும் செய்தித்தாளையா?

(அடுத்த வாரம்)